உள்ளேன் அம்மா

இப்போது இருபத்தேழு. எங்களுக்கு நாற்பத்தொன்று. கதவுக்கு மேலே சிவப்பு எண் மாறும்போதெல்லாம் ஒரு மணிச் சத்தம் வருகிறது, ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை தலையும் நிமிர்கிறது, தங்கள் எண் இல்லை என்றதும் குனிகிறது. என் இளையது தாரணி மட்டும் நிமிரவே இல்லை. முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டு, துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்கிறேன். மனசுக்குள் சொல்வதுதான், யாருக்குக் கேட்கப்போகிறது, ஆனாலும் அந்த 'ள்' வந்து தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. பதின்மூன்று வருஷம் வராத தடங்கல் மூன்று வாரமாக வருகிறது. பிள்ளை என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. என் சென்டரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தானே சொல்கிறேன், அது தூங்கிருச்சு, அது சோறு தின்னுருச்சு, அதுக்கு மேலுக்கு முடியல. எந்த வயதில் 'அது' போய் 'அவள்' வருகிறது, எந்த வயதில் 'அவன்' வருகிறது, ஒரு தாயும் நாள் குறித்து வைத்ததில்லை. நான் அங்கன்வாடி டீச்சர். தினமும் காலையில் கரும்பலகையில் ஆண் 14, பெண் 11, மொத்தம் 25 என்று எழுதுகிறவள். பத்தொன்பது வருஷமாக எழுதுகிறேன். ஒரு நாளும் சாக்கட்டி நின்றதில்லை. நேற்று நின்றது. பெண் என்று எழுதிவிட்டு எண்ணைப் போடாமல் நின்றேன், ஆயாம்மா, "என்ன டீச்சர், கணக்கு மறந்துருச்சா" என்றாள்.

இருபத்தெட்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே நடையில்தான் ரத்தம் எடுத்தார்கள். நாலு குப்பி. முடிவு இன்றைக்கு. அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்த பெண் வயிற்றின் மேல் அந்தக் கருவியை வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள், தொலைந்த சாவியைத் தேடுகிற மாதிரி, பிறகு எழுந்துபோய் இன்னொருவரைக் கூட்டிவந்தாள். கர்ப்பப்பை இல்லை. இடுப்போரத்தில் இரண்டு பக்கமும் கட்டி மாதிரி ஏதோ இருக்கிறது. அந்தக் கட்டிதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடும்போது ஒரு பிள்ளையின் முழங்கால் அங்கே பட்டு, தாரணி மைதானத்தில் சுருண்டு விழுந்து கத்தியிருக்கிறாள். கத்தின சத்தத்தைக் கேட்டு பி.டி. டீச்சர் ஓடி வந்தது வலிக்காக இல்லை, அந்தக் குரலுக்காக. அவரே சொன்னார், "நான் ஏதோ ஆம்பளப் பய கத்துறான்னு நெனச்சு ஓடுனேங்க." அன்றைக்கு வரைக்கும் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. ஏழு மாதமாக அவள் வீட்டுக்கு வெளியே வாயைத் திறக்கவே இல்லை என்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது எல்லாரும் "உள்ளேன் அம்மா" என்று சொல்லவேண்டும், இவள் கையை மட்டும் தூக்குவாள். வகுப்பு டீச்சர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு விட்டார். "ஒங்க மகளுக்குத் திமிரு ஜாஸ்திங்க. நானும் பாத்துட்டே இருக்கேன், உள்ளேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறா. வாயில என்ன முத்தா உதிந்துரும்?" நான் வீட்டுக்கு வந்து அடித்தேன். ஏன் சொல்ல மாட்டேங்குற, சொல்லு, சொல்லு என்று முதுகில் அடித்தேன். அது திரும்பிப் பார்த்தது. அழவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்து, திறந்த வாயை மூடிக்கொண்டது. சளி கட்டியிருக்கிறது, கற்பூரவல்லி போட்டுக் காய்ச்சிக் கொடுக்கலாம் என்று நினைத்தேனே ஒழிய வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கிற எனக்கு என் பிள்ளையின் தொண்டை தெரியவில்லை.

முப்பது. இடையில் இருபத்தொன்பது போனதைக் கவனிக்கவில்லை. எதிர்ப் பக்கம் மூன்றாவது கதவு, ஆலோசகர் என்று எழுதியிருக்கிறது, பூட்டியிருக்கிறது. போன தடவை அந்த மேடம்தான் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். சின்ன வயது, இன்னும் கல்யாணம் ஆகாத பெண் மாதிரித்தான் இருந்தார்கள், ஆனாலும் மேடம். தாரணியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்கள். "சின்னதுல என்ன சாமான் வச்சு விளையாடுச்சு? யாரோட சேந்து விளையாடும்? அப்பா பையன் மாதிரி வளத்தாரா? வீட்ல யாராவது டா போட்டுக் கூப்பிடுவீங்களா? ரெண்டாவதும் பொண்ணாப் போச்சேன்னு நீங்க யாரும் வருத்தப்பட்டீங்களா?" சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். தாளின் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் உடம்பு, ஒரு பக்கம் சூழ்நிலை. தலைகீழாகத் தெரிந்தாலும் எனக்குப் படிக்க வரும், பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து எழுதிக் காட்டிப் பழகின கண். லாரி பொம்மை வைத்து விளையாடும் என்றேன். அது சூழ்நிலைப் பக்கம் ஏறியது. ஏறின பிறகுதான் நினைப்பு வந்தது, மூத்தவள் கீர்த்திகாவும் அதே லாரியை வைத்துத்தானே விளையாடினாள், அப்பா லாரி ஓட்டுகிற வீட்டில் லாரி இல்லாமல் வேறு என்ன இருக்கும்? அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். கீர்த்திகா எப்படிப் பொம்பளைப் பிள்ளையாக ஆனாள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குத் தெரியாது. ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே எண்ணெய், ஒரே சீப்பு. இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் காது குத்தினேன். தாரணிக்குத்தான் கூந்தல் அதிகம், சடை பின்னிப் பூ வைத்தால் அடுத்த வீட்டுக்காரர்கள் கண்ணு படும் என்பார்கள். வளர்ப்பில்தான் எல்லாம் இருக்கிறது என்றால் பதின்மூன்று வருஷம் நான் பின்னின சடை எங்கே போனது? உடம்பில்தான் எல்லாம் இருக்கிறது என்றால் மேடம் எதற்கு அத்தனை கேள்வி கேட்டார்கள்? சென்டரில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறது, லோகேஷ்வரன், பெரியவன் ஆனதும் அம்மா ஆவேன் என்று சொல்லும். வளையலைப் போட்டுக்கொண்டு வந்து, "டீச்சர், நான் இப்ப பொம்பளப் பிள்ளை" என்று சொல்லும். கழற்றிவிட்டு, "இப்ப பையன்" என்று சொல்லும். சட்டையைக் கழற்றுகிற மாதிரி அதுக்கு அது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இதே பிள்ளை வளையலைத் தொட்டால் மற்றப் பிள்ளைகள் சிரிக்கும், அழுதுகொண்டு தூக்கிப்போடும். நடுவில் யார் வந்து என்ன சொன்னார்கள்? நான்தான் சொல்லியிருப்பேன். பையன் அழலாமா என்று நான்தானே சொல்கிறேன். பொம்பளப் பிள்ளை காலை விரிச்சு உக்காராதே என்று நான்தானே சொல்கிறேன். கேட்டுக்கொள்கிற பிள்ளைகள் கேட்டுக்கொள்கின்றன. தாரணியும் கேட்டுக்கொண்டாள். இன்றைக்குக்கூடக் காலை ஒட்டித்தான் வைத்திருக்கிறாள்.

முப்பத்துமூன்று. தண்ணீர் பாட்டிலை நீட்டினால் தலையை ஆட்டுகிறது. காலையில் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினதிலிருந்து ஒரு வாய் குடிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இரண்டு தடவை நீட்டிவிட்டேன். நடையின் கோடியில் இரண்டு கதவு, ஒன்றில் சேலை கட்டின படம், ஒன்றில் பேன்ட் போட்ட படம். போன தடவை சேலை போட்ட கதவுக்குள் போனபோது உள்ளே கூட்டிக்கொண்டிருந்த அம்மா, இவள் முகக்கவசத்தை இறக்கி முகம் கழுவுவதைப் பார்த்துவிட்டு, என்னத்தைக் கண்டாளோ, உதட்டுக்கு மேலே அந்த மெல்லிசுக் கோட்டையா, தோளையா, விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன், சண்டை போட எனக்கு வரும். "போயிட்டு வாறியா, நானும் வாறேன், வாசல்ல நிக்கிறேன்" என்கிறேன். தலையை ஆட்டுகிறது. அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வரும், சென்டர் பிள்ளையாக இருந்தால் இந்நேரம் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். என் தோளுக்கு மேலே வளர்ந்த பிள்ளையை எப்படித் தூக்குவது?

முப்பத்தைந்து. அவர் வரவில்லை. லோடு இருக்கிறது என்றார். பால்பாண்டி என் அத்தை மகன், மச்சான் என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறேன், அவர் பொய் சொன்னால் காது மடல் அசையும் என்பது ஆறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். காலையில் அசைந்தது. முந்தாநாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்ம பக்கம் யாருக்கும் இப்படி இல்லையே செல்வி. ஒனக்கு மட்டும் எப்படி?" ஒனக்கு என்றார். பிள்ளைக்கு என்று சொல்லவில்லை. நான் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவின சட்டியையே திரும்பக் கழுவினேன். என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அவருக்குத் தெரியாத பதில். பதின்மூன்று வருஷமாக அதை யாரும் தொடாத இடத்தில் வைத்திருக்கிறேன். கீர்த்திகாவுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது, இன்னும் பால் மறக்கவில்லை, நாள் தள்ளிப் போயிருந்தது. வேலை நிரந்தரமாகி எட்டு மாதம். உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இல்லை. பக்கத்து ஊர் மருந்துக் கடையில் போய் முகத்தைப் பார்க்காமல் கேட்டு வாங்கினேன், வெள்ளை மாத்திரை, அஞ்சு நாள் போட வேண்டும், கலைந்துவிடும் என்றான். மூன்று நாள் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் பயம் வந்து மிச்சத்தைக் குப்பையோடு எரித்தேன். பிரசவம் ஆனதும் மயக்கம் தெளிந்து நான் முதலில் கேட்டது ஆணா பெண்ணா என்று இல்லை. விரலை எண்ணினேன். கையில் பத்து, காலில் பத்து. காது இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பெண் குழந்தை, மூணு கிலோ என்றாள் நர்ஸ். தப்பித்தோம் என்று அழுதேன், எல்லாரும் இரண்டாவதும் பெண் என்பதற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்குத் தப்பித்தது இப்போது வந்து நிற்கிறதோ? அந்த மாத்திரை உள்ளே போய் எதைத் தொட்டது, கர்ப்பப்பை வளரவேண்டிய இடத்தை அழித்துவிட்டதோ? உடம்பு என்றாலும் நான்தான், சூழ்நிலை என்றாலும் நான்தான், மேடம் போட்ட கோட்டுக்கு இரண்டு பக்கமும் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். பிள்ளையை ஒரு நிமிஷம் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். என்ன சொல்லி அனுப்புவது? தண்ணீர் வாங்கி வா என்று சொல்லலாம். பாட்டில் நிறையத்தான் இருக்கிறது. முப்பத்தெட்டு. மாத்திரைச் சீட்டு வாங்கி வா என்று சொல்லலாம். முப்பத்தொன்பது. நாற்பதாம் எண்காரர் வரவில்லை போல, மணி இரண்டு தடவை சேர்ந்து அடிக்கிறது, நாற்பத்தொன்று, நாங்கள்தான், எழுந்திரிக்கிறேன், காலில் ரத்தம் ஓடாமல் மரத்துப் போயிருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு ஜலதோஷம், கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டே கோப்பைப் புரட்டுகிறார். தாரணிக்கு ஸ்டூல், எனக்கு நாற்காலி. "கல்யாணம் சொந்தத்துலயா?" என்கிறார். "ஆமாங்க மேடம், அத்தை மகன்." தலையை ஆட்டிக்கொள்கிறார். அப்புறம் ஒரு தாளில் வட்டம் போட்டு, அம்பு போட்டு, நிதானமாகச் சொல்கிறார், நான் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துப் பிடித்து வைக்கிறேன், வைத்தது நிற்காமல் சரிகிறது. உள்ளே இருப்பது கட்டி இல்லை, விதைக்கொட்டை. ஆண் பிள்ளைக்கு இருக்கிற மாதிரித்தான் பிறவியிலேயே இருந்திருக்கிறது, கீழே இறங்காமல் இடுப்பில் நின்றுவிட்டது. அதில் சுரக்கிறதை இன்னொன்றாக மாற்ற உடம்பில் ஒரு பொருள் வேண்டும், அந்தப் பொருள் இவளுக்கு, இல்லை, இந்தப் பிள்ளைக்கு, சரியாக இல்லை. அது இருந்தால்தான் வயிற்றுக்குள் இருக்கும்போதே வெளி உறுப்பு ஆணாக உருவாகும். அதனால் பிறந்தபோது பெண் மாதிரித் தெரிந்தது. இப்போது வயசு வந்ததும் சுரப்பு அதிகமாகி, குரலும் தோளும் மாறுகின்றன. "இது பரம்பரையா வர்றது. உங்ககிட்ட பாதி இருந்திருக்கு, உங்க வீட்டுக்காரர்கிட்ட பாதி இருந்திருக்கு. தனித்தனியா ஒண்ணும் செய்யாது. ரெண்டும் சேர்ந்த இடத்துல வந்திருக்கு." ரெண்டு பேரிடமும் என்றார். மச்சானிடமும் பாதி. அந்தப் பாதியை நான் ஆசையாகக் கையில் வாங்கிக்கொள்ளப் போனேன், போன இடத்தில், நினைத்தே பார்க்கவில்லை, வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது. "மாசமா இருக்கப்ப நான் மாத்திரை போட்டேன் மேடம்." "என்ன மாத்திரை?" "கலையட்டும்னு." டாக்டரம்மாவின் பேனா அம்பின் நுனியில் நின்றது. ஸ்டூல் ஒரு தடவை கிறீச்சிட்டது. வெளியே அனுப்பவில்லை. தண்ணீர் வாங்கி வா என்று சொல்லவில்லை. பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறது.

"அந்த மாத்திரைக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "நீங்க போட்டிருந்தாலும் இப்படித்தான், போடலன்னாலும் இப்படித்தான். வளத்ததுலயும் தப்பு இல்ல. யாரும் செஞ்சு வந்தது இல்ல இது." இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூன்று வாரம் தூங்காமல் கிடந்தேன், கிடைத்துவிட்டது, மடியில் கிடக்கிறது, எனக்கு அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நான் தாரணியின் முகத்தைப் பார்க்கவேண்டும், கழுத்து திரும்பவில்லை. டாக்டரம்மா அவசரமில்லை என்கிறார், ஆபரேஷன் எதுவும் இப்போது வேண்டாம், வலிக்கு மட்டும் பார்ப்போம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரவேண்டும். "ஆணா இருக்கணுமா பொண்ணா இருக்கணுமான்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க, உங்க வீட்டுக்காரரும் சொல்ல வேண்டாம். பிள்ளை சொல்லட்டும்." ஸ்டூல் பக்கம் திரும்பி, "நீ என்னப்பா சொல்ற?" என்றார். 'ப்பா' என்று எல்லாரையும்தான் சொல்கிறார்கள், மகளையும் சொல்கிறார்கள், என்னைக்கூடக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் சொல்வார், ஆனாலும் அந்தச் சொல்லுக்குத் தாரணியின் தலை நிமிர்ந்ததை நான் பார்த்தேன். முகக்கவசத்தை இறக்கியது. தொண்டையைச் சரிசெய்துகொண்டது. "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்." கனமான குரல், அடியில் லேசாகப் பிசிறு, என் அப்பா பேசுகிற மாதிரி. வீட்டில் முணுமுணுப்பாகக் கேட்டதுதான், முழுசாக இன்றைக்குத்தான் கேட்கிறேன். டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. "யோசி. நேரம் இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தும்மினார்.

வெளியே வந்து, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சரிவுப் பாதையில் இறங்குகிறோம். நான் முன்னால், அது பின்னால். செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் நிற்கிறது. "என்னைய வேண்டாம்னு நெனச்சியா?" நல்ல சத்தமாக. மேலே ஏறி வந்துகொண்டிருந்த ஒரு ஆள் துப்பட்டாவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒதுங்கிப் போனார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பொய் வந்து நாக்கில் உட்கார்ந்தது. நல்ல பொய். சத்து மாத்திரை, டாக்டர்ட்ட தப்பாச் சொல்லிட்டேன். பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறேனே, ஊசி வலிக்காது, அம்மா இப்ப வந்துருவா. இந்தக் கண்ணுக்கு முன்னால் அது எழும்பவில்லை. "ஆமா," என்றேன். "மூணு நாள் நெனச்சேன்." "பையன் வேணும்னா?" "இல்லத்தா. அலுப்பா இருந்துச்சு. அக்கா இன்னும் பால் மறக்கல, என்னால முடியல. நீ யாருன்னே எனக்கு அப்ப தெரியாதே." பொம்பளப் பிள்ளையைக் கூப்பிடுகிற 'த்தா' வழக்கத்தில் வந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியாது, எடுத்து வேறு எதை வைப்பது? அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு எப்படி ஆனது, எதனால் ஆனது, யாரிடமிருந்து பாதி, யாரிடமிருந்து பாதி என்று ஒரு தாள் நிறைய அம்பு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், என் பையில் மடித்து வைத்திருக்கிறேன், அதில் ஒன்றைக்கூட இந்தப் பிள்ளை கேட்கவில்லை. இதை மட்டும் கேட்டது. "நாலாம் நாள்?" என்றது. "நாலாம் நாள் எரிச்சுப்போட்டேன். அன்னையிலருந்து ஒரு நாளும் நெனைக்கல. நெனைச்சிருந்தா இப்படிப் பயந்திருப்பேனா, சொல்லு." மன்னித்ததா, இல்லையா, எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் இறங்கி வந்து என்னைத் தாண்டிப் போகாமல் பக்கத்தில் நடந்தது.

வாசலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பஸ் நிற்கிற இடத்துக்கு ரோட்டைத் தாண்ட வேண்டும், கையைப் பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நிற்கிறேன், சிறுசிலிருந்து பிடித்த கைதான், இப்போது எலும்பு பெருத்து என் கையைவிடப் பெரிதாக இருக்கிறது. வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. "ம்மா," என்றது. "என்ன." "நாளைக்கு ஸ்கூல்ல எந்தப் பக்கம் உக்கார்றது?" இடது பக்க பெஞ்சு பெண் பிள்ளைகள், வலது பக்கம் பையன்கள், நடுவில் போகவர வழி, அந்த வகுப்பறை என் கண் முன்னால் வந்து நின்றது. மச்சானுக்கு என்ன சொல்வது, கீர்த்திகாவுக்கு எப்படிச் சொல்வது, ஊருக்கு எதை மறைப்பது என்று பஸ்ஸில் யோசிக்கலாம் என்று எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன், பெஞ்சு அந்த அடுக்கில் இல்லை. "நாளைக்கு லீவு போடு," என்றேன். "நாளான்னைக்கு?" "நாளான்னைக்கு நானும் கூட வாறேன்." அது சிரிக்கவில்லை, யோசித்தது, டாக்டரம்மாவிடம் யோசித்த மாதிரியே நிதானமாக. "வந்து நீ எங்க உக்காருவ?" என்றது. "தெரியல," என்றேன். "மொதல்ல வாசல்ல நிக்கிறேன். நீ உள்ள போயி, எங்க தோணுதோ அங்க உக்காரு." ஒரு லாரி கடந்து போனது, அதற்குப் பின்னால் ரோடு கொஞ்சம் காலியாக இருந்தது. "வா," என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குறுக்கே நடந்தான்.